கைப்பேசி கடலோடியின் கையை வலுப்படுத்தியதா? மத்தி விலையை முன்வைத்து ஒரு விவாதம்

வலைக்கண் (இழையைத் தொடங்கியவர்)

1997 ஜனவரி 14 அன்று வடகேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் மத்தியைக் கொண்டுவந்து இறக்கியபோது வாங்குவதற்கு ஆள் இல்லை. அன்று அந்தக் கரையில் மத்திக்கு விலையே கிடையாது. பிடித்த மீனைக் கொட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அதே காலையில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போயிருந்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 10 ரூபாய் கிடைத்திருக்கும். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வரும் தகவல் இது.

கைப்பேசிக் கோபுரங்கள் 1997இல் கோழிக்கோட்டுக்கும், 1998இல் கண்ணூருக்கும், 2000இல் காசர்கோட்டுக்கும் வந்தன. மூன்று மாவட்டங்களுக்கும் ஒரே நாளில் வராமல் இடைவெளி விட்டு வந்ததால், கைப்பேசிக்கு முன், கைப்பேசிக்குப் பின் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு நல்ல வாய்ப்பு அமைந்தது. கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் வரை அலைவரிசை எட்டியது. படகுக்காரர்கள் திரும்பும் வழியிலேயே பல துறைகளுக்கும் பேசி, எங்கே விலை அதிகமோ அங்கே படகைத் திருப்பினார்கள். மீனவரின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது, வாங்கி உண்பவருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது, மீனைக் கொட்டும் வழக்கம் ஏறக்குறைய நின்றே போனது. எந்த அரசாணையும் மானியமும் இல்லாமல், ஒரு கருவி மட்டுமே விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒருசேர நன்மை செய்த அரிய நிகழ்வாக இதை நான் பார்க்கிறேன். அன்றாட எண்ணியல் கருவிகள் எளியவரை வலுப்படுத்துகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்குமா என்று கடற்கரையை அறிந்த நண்பர்கள் சொல்ல வேண்டும்.

குளச்சல்காரன்

நண்பர் எடுத்துக்காட்டிய கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் படகைத் திருப்புவதற்குப் படகு நம்முடையதாக இருக்க வேண்டுமே என்பதை அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வள்ளம், அதன் பின்புறம் மாட்டும் வெளிப்பொறி, வலை என எல்லாமே பெரும்பாலும் முன்பணத்தில்தான் வாங்கப்படுகின்றன. முன்பணம் கொடுத்தவர் வட்டி எழுதுவதில்லை. அதற்கு ஈடாக, அந்தக் கடன் இருக்கும்வரை பிடிக்கிற மீன் முழுவதும் அவர் வழியாகவே ஏலம் போக வேண்டும். ஒவ்வொரு ஏலத்திலும் அவருக்குரிய தரகு கழிக்கப்பட்ட பிறகே பணம் கைக்கு வரும். முதலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தக் கட்டு அவிழும். முதலைத் திருப்பிக் கொடுத்தவரை எங்கள் தெருவில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

என் தந்தையோடு நானும் கடலுக்குப் போன நாட்களில், பக்கத்துத் துறையிலிருந்து மாமா கைப்பேசியில் கூப்பிட்டு, அங்கே பெட்டிக்கு இருநூறு முந்நூறு கூடுதலாகப் போகிறது என்று சொல்வார். தந்தை கேட்டுக்கொள்வார், "சரி மாப்பிள்ளை" என்பார், படகு வழக்கமான கரைக்கே போகும். அடுத்த ஐந்து நிமிடத்தில் வியாபாரியிடமிருந்து அழைப்பு வரும்: எத்தனை பெட்டி, என்ன மீன், எத்தனை மணிக்குக் கரை பிடிப்பீர்கள் என்று. விலை எங்கே நல்லது என்பதை அந்தக் கைப்பேசி எங்களுக்குச் சொன்னது. எங்கள் மடியில் என்ன இருக்கிறது என்பதைக் கரை தொடுவதற்கு முன்பே அவருக்கும் சொல்லிவிட்டது. இந்த இரண்டாவது பயனைப் பற்றி ஆய்வாளர்கள் அதிகம் எழுதுவதில்லை.

நெய்தல் வாசகி

குளச்சல்காரன் அண்ணன் சொல்வதற்கு ஆய்வுத் துறையிலும் ஆதரவு உண்டு. ஜென்னா பரல், ஜானகி சீனிவாசன் ஆகிய இருவரும் கேரளக் கடற்கரைக்கு மீண்டும் சென்று களப்பணி செய்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படகின் வகை, மீனின் வகை, கடன் உறவு, துறையில் ஏலம் நடக்கும் முறை ஆகியவற்றைக் கணக்கில் எடுக்காமல், வடகேரளத்தில் மத்தி பிடிப்பவர்களிடம் கண்டதை எல்லாக் கரைக்கும் பொதுவாக்கிவிட முடியாது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். இதனால் ஜென்சனின் எண்கள் பொய்யாகிவிடவில்லை. அந்த எண்கள் சாத்தியமான சூழல் எது என்ற கேள்விதான் முன்னுக்கு வருகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கைப்பேசி வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, ஏலத்தைத் தரகரிடமிருந்து பிடுங்கும் வேலை தென்கரையில் தொடங்கிவிட்டது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டிலும், பின்னர் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலும் மீனவர் சங்கங்கள் அமைந்தன. உறுப்பினர் தன் மீனைச் சங்கம் அமர்த்திய ஏலக்காரர் வழியாகவே விற்க வேண்டும். விற்றதில் ஒரு பங்கு கழிக்கப்பட்டு, கடனுக்கும் சேமிப்புக்கும் சங்கச் செலவுக்குமாகப் பிரிக்கப்படும். படகும் வலையும் வாங்கக் கடனைச் சங்கமே ஏற்பாடு செய்யும் என்பதால், முன்பணக்காரரின் பிடி தளர்ந்தது. இந்தச் சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் பதிவு செய்யப்பட்டது. சிஃப்ஸ் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. வலைக்கண் ஐயா "கருவி மட்டுமே" என்று எழுதியிருக்கிறார். வடகரையில் படகைத் திருப்பியவர்களுக்கு யார் கடன் கொடுத்திருந்தார்கள் என்று கேட்டுப் பார்த்த பிறகே அந்த "மட்டுமே"யை நான் ஏற்பேன்.

வலைக்கண்

இருவருக்கும் நன்றி. ஆனால் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடன்பட்டவர் வேறு கரைக்குப் போக முடியாது என்பதை ஒப்புக்கொண்டாலும், பக்கத்துத் துறை விலை தெரிந்த கடன்பட்டவரும் தெரியாத கடன்பட்டவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. முன்பெல்லாம் "இன்று கொச்சியில் விலை விழுந்துவிட்டது" என்று வியாபாரி சொன்னால் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. இன்று அதே வாக்கியத்தைச் சொல்ல அவர் இருமுறை யோசிப்பார். விலகிச் செல்லும் உரிமை கிடைக்காவிட்டாலும், ஏமாறாமல் இருக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது, அதுவும் வலிமைதான். குளச்சல் நண்பரின் தந்தை கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார் என்பதிலிருந்து, அந்தத் தகவலால் அன்று மாலைக் கணக்குப் பார்க்கும்போது எதுவும் நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிட முடியுமா?

அந்தக் காலத்துச் செலவையும் நினைத்துப் பாருங்கள். 2003 மே மாதம் வரை இந்தியாவில் வருகிற அழைப்புக்கும் நாம்தான் காசு கட்டினோம். அப்படியிருந்தும் மீனவர்கள் கைப்பேசி வாங்கினார்கள் என்றால், பயனில்லாமல் வாங்கியிருக்க மாட்டார்கள்.

குளச்சல்காரன்

கணக்குப் பார்க்கும்போது கொஞ்சம் சத்தம் போட முடிந்தது என்பது உண்மை, அதை ஏற்கிறேன். சில நாட்களில் தரகில் சிறிது விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அடுத்த பருவத்தில் வலை கிழிந்தபோது அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது என்பதால், சத்தத்துக்கும் ஓர் அளவு இருந்தது.

தூத்தூர் மகள்

விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உயிரைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் தங்கல் மீன்பிடிக்குப் போகிறவர்கள். சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்துவிட்டுப் பெரும்பாலும் கொச்சியில் கரை பிடிப்பார்கள். அவர்களுக்குக் கைப்பேசி என்பது கரை தெரியும்வரை மட்டுமே உயிருள்ள பொருள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்கு அருகே கடந்தபோது, வானிலை அறிவிப்பு தொலைக்காட்சியில் வந்தது, வாட்ஸாப்பில் வந்தது, எங்கள் எல்லோருடைய கையிலும் வந்தது. வர வேண்டியவர்களுக்கு மட்டும் வரவில்லை. பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுப் போன படகுகளைச் சென்றடைய எந்த வழியும் இல்லை. குமரிக் கரையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம்.

அதற்குப் பிந்தைய நாட்களில் கைப்பேசி செய்ததையும் மறைக்க மாட்டேன். காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியலைப் பங்குக் கோயில்களில் உட்கார்ந்து ஊர்மக்களே தொகுத்தார்கள். எந்தப் படகில் யார் யார், கடைசியாக எந்தத் திசையில் பார்த்தது, எந்தத் துறையில் யார் ஒதுங்கியிருக்கிறார்கள் என்ற விவரங்கள் கைப்பேசி வழியாக ஊர் ஊராகச் சுற்றி வந்து அந்தப் பட்டியலில் திருத்தங்களாக ஏறின. அரசுத் தரப்பு சொன்ன எண்ணிக்கைக்கும் ஊர் சொன்ன எண்ணிக்கைக்கும் வேறுபாடு எழுந்தபோது, ஊரின் கையில் பெயரும் படமும் படகு எண்ணும் இருந்தன. டிசம்பர் 7 அன்று குழித்துறை இரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். எங்களை எண்ணிக்கையில் குறைத்துக் காட்ட முடியாதபடி செய்ததில் கைப்பேசிக்குப் பங்கு உண்டு. ஆனால் அதைப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வீராம்பட்டினத்தான்

தூத்தூர் சகோதரியின் வரிகளைப் படித்த பிறகு எழுதச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் எங்கள் புதுவைப் பக்கத்து அனுபவம் இந்த இடத்தில் உதவலாம் என்று எண்ணுகிறேன். 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. எங்கள் ஊர் மையத்தில் இருந்தவர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். தனித்தனியாக யாரிடமும் கருவி இல்லை. காது இருந்தால் போதும். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவருக்கும், குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும் வீட்டம்மாவுக்கும் அது ஒரே நேரத்தில் கேட்டது.

2004 டிசம்பர் 26 அன்று அருகிலுள்ள நல்லவாட்டில் நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார். கரையில் கடல் நடந்துகொண்ட விதமும் சேர்ந்து ஐயத்தை உறுதிப்படுத்த, தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே காலி செய்தார்கள். ஏறத்தாழ 500 குடும்பங்கள் உயிர் தப்பின. ஒரு தொலைபேசி அழைப்பு ஓர் ஊரையே காத்ததற்குக் காரணம், அந்த அழைப்பை எல்லோருக்குமான அறிவிப்பாக மாற்றும் ஏற்பாடு ஊரில் முன்பே பழக்கத்தில் இருந்ததுதான். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் செயலி இருக்கிறது, ஒலிபெருக்கி திருவிழாவுக்கு மட்டும் கட்டப்படுகிறது. பாம்பனில் 2016 முதல் இயங்கும் கடல் ஓசை சமுதாய வானொலியை, அந்தப் பழைய ஒலிபெருக்கியின் உண்மையான வாரிசாக நான் கருதுகிறேன்.

மீன்கூடை

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் படகில் ஏறிவிட்டீர்கள். கரையில் இறங்கிய மீனைச் சுமந்து விற்றவர்கள் பெண்கள். என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அலுமினியச் சட்டியில் மீன் சுமந்தவர். விடியற்காலையில் துறைக்குப் போய்ப் படகு வருமா வராதா என்று காத்துக்கிடப்பதுதான் அவருடைய பாதி நாள். வந்தாலும் ஏலத்தில் பெரிய வியாபாரிகளுக்கு முன்னால் கேட்கத் துணிவு வேண்டும், நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு கூறு எடுத்துப் பங்கு போட வேண்டும். கைப்பேசி வந்த பிறகு, துறையில் இருக்கும் ஒருத்தி மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள். வராத படகுக்காக யாரும் பேருந்துக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. ஜென்சனின் கட்டுரையில் இந்தப் பேருந்துக் காசுக்கு ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

வாடிக்கை வீடுகளின் எண்கள் இப்போது அம்மாவின் கைப்பேசியில் இருக்கின்றன. அவருக்கு எழுத்து வராது. ஆகையால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்: டாக்டர் வீட்டுக்கு மருந்துப் புட்டி, டீச்சர் வீட்டுக்குப் புத்தகம், எப்போதும் பேரம் பேசும் ஒரு வீட்டுக்கு அவரே கேட்டு வாங்கிய படம் பாகற்காய். காலையில் சட்டியில் இருக்கும் மீனைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, யார் குரல் செய்தி அனுப்புகிறார்களோ அவர்கள் தெருவுக்கு மட்டும் நடக்கிறார். கால் வலி குறைந்தது என்பது அவர் சொல்லும் முதல் பயன், வருமானத்தை அவர் இரண்டாவதாகத்தான் சொல்கிறார்.

ஆனால் பணம் வாங்கும் கியூஆர் அட்டை என் தம்பியின் கணக்கோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. முன்பு சுருக்குப்பையில் இருந்த காசை எப்போது எடுத்து யாருக்குக் கொடுப்பது என்பது அவர் முடிவு. இப்போது தம்பியிடம் கேட்டு வாங்குகிறார். தம்பி நல்லவன்தான். இருந்தாலும் கேட்க வேண்டியிருக்கிறதே. அம்மா பெயரில் கணக்கு இருக்கிறது, அதனோடு இணைந்த எண் எப்போதோ காலாவதியான சிம். அதை மாற்ற வங்கிக்குப் போக வேண்டும், போனால் ஒரு நாள் வியாபாரம் போகும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். இந்த இழையைப் படித்ததால் அடுத்த வாரம் கட்டாயம் அழைத்துப் போகிறேன்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நகரத்தில் வீட்டுக்கே வெட்டிச் சுத்தம் செய்த மீனைக் கொண்டுவரும் நிறுவனங்கள் இதே கைப்பேசியில்தான் வருகின்றன. டீச்சர் வீடு இப்போது மாதத்தில் பாதி நாள் அங்கே வாங்குகிறது.

ஆழிமகன்

ஜிபிஎஸ் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டுகளைப் பார் என்போம். ஒரு பாரின் மேல் படகை நிறுத்த, கரையிலுள்ள கோயில் கோபுரமும் பின்னாலுள்ள மலை முகடும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கம் பனங்கூட்டமும் மற்றொரு குன்றும் ஒன்றாக வர வேண்டும்; இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் பார். இப்படி நூறு இடங்களை நினைவில் வைத்திருந்த முதியவருக்குப் படகில் தனி மரியாதை இருந்தது. அவர் இளைஞர்களில் தனக்குப் பிடித்தவனுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பார். ஜிபிஎஸ் வந்த பிறகு பார் என்பது ஓர் எண்ணாகிவிட்டது. ஒருமுறை படகில் கூலிக்கு வந்தவன், பொத்தானை அழுத்தி அந்த எண்ணைத் தன் கருவியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். மூடுபனியிலும் இரவிலும் அதே இடத்துக்குத் திரும்ப முடிகிறது என்பது பெரிய நன்மை. முன்பு நான்கு குடும்பங்கள் அறிந்திருந்த பாரில் இன்று நாற்பது படகு நிற்கிறது என்பதும் அதே நன்மையின் விளைவு.

செயற்கைக்கோள் படங்களில் கடலின் வெப்பத்தையும் பாசியின் பச்சையத்தையும் பார்த்து, மீன் கூடக்கூடிய பகுதிகளை ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் அறிவிக்கிறது. அறிவிப்பு எல்லோருக்கும் பொது என்றாலும், அந்த இடம் 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் விசைப்படகுதான் முதலில் போய்ச் சேரும். நாட்டுப்படகுக்காரர் செயலியில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். அறிவு சமமாகப் பகிரப்பட்டாலும் டீசல் சமமாகப் பகிரப்படுவதில்லை.

நெய்தல் வாசகி

தூத்தூர் மகள் எழுதியதன் தொடர்ச்சியாக ஒரு தகவல். ஒக்கிக்குப் பிறகு, 2019இல், ஜெமினி என்ற கருவியை அறிமுகப்படுத்தினார்கள். அது ககன் என்ற இந்திய வழிகாட்டல் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெற்றுக் கைப்பேசித் திரையில் காட்டும். ஆனால் அது கேட்கும் கருவி மட்டுமே, அதன் வழியாக "நாங்கள் மூழ்கிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்ல முடியாது. இப்போது, படகு இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்கும், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு இலட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருக்கிறது. இதில் குறுஞ்செய்தி இரு திசையிலும் செல்லும், ஆபத்துப் பொத்தானும் உண்டு.

குளச்சல்காரன்

அந்தக் கருவியைப் பற்றி எங்கள் துறையில் இரண்டு கருத்து நிலவுகிறது. படகு எங்கே இருக்கிறது என்பது கரையிலுள்ளவர்களுக்கு எப்போதும் தெரியும் என்பதால் வீட்டுப் பெண்கள் அதை விரும்புகிறார்கள். படகு எங்கே இருக்கிறது என்பது அதிகாரிகளுக்கும் எப்போதும் தெரியும் என்பதால் சில படகு முதலாளிகள் தயங்குகிறார்கள். எல்லை தாண்டியதாக வழக்கு வந்தால் அந்தப் பதிவு நமக்குச் சாட்சியா, நமக்கு எதிரான சாட்சியா என்று ஒரு கூட்டத்தில் கேட்டோம். வந்தவர் நல்ல மனிதர், ஆனால் நேரான பதில் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், பொருத்திவிட வேண்டும் என்பேன். பதிவின் ஒரு படி படகுக்காரர் கையிலும் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைப்பேன்.

வலைக்கண்

பேச்சு நான் தொடங்கிய இடத்தைவிட வெகுதூரம் வந்திருக்கிறது, எனக்கு அதில் மகிழ்ச்சியே. விலைக்குத் திரும்பி ஒரு யோசனை சொல்கிறேன். ஒவ்வொரு துறையின் அன்றைய ஏல விலையையும் காலை ஏழு மணிக்குள் ஒரு பொதுப் பக்கத்தில் வெளியிட்டால் என்ன? மாமாவின் அழைப்புக்காகக் காத்திருக்காமல் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சங்கங்களே இதைச் செய்யலாம்.

மீன்கூடை

செய்யலாம், ஆனால் எதை விலை என்று எழுதுவீர்கள் ஐயா? ஒரு துறையில் பெட்டிக் கணக்கு, இன்னொன்றில் கூறு, வேறொன்றில் கூடை. பெட்டியின் அளவும் எல்லா ஊரிலும் ஒன்றில்லை. மேலே பனிக்கட்டி எவ்வளவு, அடியில் பொடிமீன் எவ்வளவு என்பதை அம்மா கையை விட்டுப் பார்த்துத்தான் விலை சொல்வார். எடைத்தராசு வைத்து ஏலம் நடக்கும் துறைகளில் தொடங்கினால் உங்கள் யோசனை பலிக்கும். மற்ற இடங்களில் முதலில் தராசு வர வேண்டும்.

குளச்சல்காரன்

தராசு வந்தாலும் இன்னொன்றைக் கவனியுங்கள். முன்பு ஏலத்தில் வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போட்டி போட்டு ஏற்றுவார்கள். இப்போது அவர்களுக்கும் ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. படகு கரை தொடுவதற்கு முன்பே இன்று எந்த விலைக்கு மேல் யாரும் கேட்பதில்லை என்று அங்கே பேசி முடித்துவிடுகிறார்கள் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் பொதுப் பக்கத்தில் அந்த விலைதான் ஏலவிலையாக வந்து நிற்கும். ஆகவே விலையோடு, எத்தனை பேர் கேட்டார்கள், முதலில் கேட்ட விலை எவ்வளவு, முடிந்த விலை எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடச் சொல்லுங்கள். எங்கள் சங்கத்தின் ஏலக்காரர் இவற்றை ஏற்கெனவே நோட்டில் எழுதுகிறார். வாரத்துக்கு ஒருமுறை படம் எடுத்து இந்த இழையில் போட அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.